ஆங்கிலத்தில் ஹைக்கூ எழுதப் பழக எந்த வழி நல்லது? திருமலையில் இருப்பவர்களுக்கு ஒரு ஒப்பீடு

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி பல பக்கத்திலிருந்து வருகிறது. ஏ.எல் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள், தமிழில் ஏற்கெனவே ஹைக்கூ எழுதிப் பத்திரிகையில் வந்தவர்கள் என்று எல்லாரும் கேட்பது இதுதான்: ஆங்கிலத்தில் ஹைக்கூ எழுதப் பழக வேண்டும், தனியாகப் படித்துப் பழகுவதா, காசு கட்டி ஒன்லைன் வகுப்பில் சேர்வதா, தமிழில் எழுதிவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றுவதா, இல்லை இங்கேயே நாலு பேர் சேர்ந்து பழகுவதா?

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருமலையில், அதாவது திருகோணமலையில், இருந்துகொண்டு தொடங்குகிற ஒருவருக்கு நான் சொல்லுவது சிறு குழு, அதோடு இலவசமாகக் கிடைக்கிற பழைய இதழ்களின் வாசிப்பு. மற்ற வழிகள் மோசம் என்று சொல்லவில்லை, சிலருக்கு அவைதான் பொருந்தும். யாருக்கு எது என்று பார்க்கும் முன் எண்ணிக்கை விஷயம் ஒன்றைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

## 5-7-5 கட்டாயமா?

ஹைக்கூ என்றால் மூன்று வரி, 5-7-5 என்று 17 அசை (ஆங்கிலத்தில் சிலபள் என்பது), இதுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவது. ஜப்பானியர்கள் எண்ணுவது ஆங்கில அசையை இல்லை, அதைவிடச் சிறிய ஓர் ஒலி அளவை. 'லண்டன்' என்ற பெயர் ஆங்கிலத்தில் 2 அசை, ஜப்பானியக் கணக்கில் அதே பெயர் 4. அதனால் ஆங்கிலத்தில் 17 அசையை நிரப்பினால் ஜப்பானியக் கவிதையைவிட நிறையவே சரக்கு ஏறிவிடுகிறது. இன்று ஆங்கில ஹைக்கூ இதழ்களில் வருகிறவற்றில் பெரும்பாலானவை 17-க்குக் குறைவு. 5-7-5 கூடாது என்றும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் 1960-இல் இறப்பதற்கு முந்திய காலத்தில் அந்த அளவிலேயே ஏறத்தாழ 4,000 ஹைக்கூ எழுதினார், அதில் அவரே தெரிந்தெடுத்த 817-ஐப் பிறகு புத்தகமாக்கினார்கள்.

ஆனால் பழகத் தொடங்குகிறவருக்கு எண்ணிக்கை செய்கிற கெடுதல் வேறு மாதிரி. கோட்டைக்குள் பீரங்கி நிழலில் மான் படுத்திருப்பதைப் பார்த்து எழுதியதாக வைத்துக்கொள்வோம்:

த ஹொட் கச்சான் விண்ட்
எ ஸ்மோல் ஸ்பொட்டட் டியர் ஸ்லீப்ஸ் ஒன்
இன் த கெனன்ஸ் ஷேட்

எண்ணிப் பாருங்கள், சரியாக 5-7-5. இப்போது ஒவ்வொரு சொல்லாக விசாரியுங்கள். கச்சான், அதாவது ஆண்டின் நடுப்பகுதியில் நம் கரைக்கு வரும் வறண்ட காற்று, என்றாலே சூடுதான், 'ஹொட்' எதற்கு? கோட்டைக்குள் இருக்கிற மான் எல்லாமே புள்ளிமான். 'ஸ்மோல்' இரக்கம் வரட்டும் என்று போட்டது. 'ஸ்லீப்ஸ்' என்பதற்குப் பிறகு வரும் அந்த 'ஒன்', ஏழாவது அசை தேவைப்பட்டதால் மட்டும் வந்து குந்தியிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால்:

கச்சான் விண்ட்
எ டியர்
இன் த கெனன்ஸ் ஷேட்

10 அசை. காற்று ஒரு பக்கம், மானும் பீரங்கியும் மறுபக்கம், நடுவில் ஒரு வெட்டு. போர்க்கருவியின் நிழல் ஓர் உயிருக்கு உதவுகிறது என்பதை வாசிக்கிறவர் தானாகக் கண்டுபிடித்துக்கொள்வார். ஜப்பானியத்தில் இந்த வெட்டைக் காட்டவே தனிச் சொற்கள் உண்டு. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1686-இல் எழுதிய தவளைக் கவிதையில் 'பழைய குளம்' என்றதற்குப் பின்னால் வரும் 'யா' அப்படிப்பட்டது. ஆங்கிலத்தில் ஒரு கோடோ, வரி முறிவோ அந்த வேலையைச் செய்கிறது.

இன்னொரு சங்கடம் நமக்கே உரியது. நாம் 'பிலிம்' என்று இரண்டு அசையாகச் சொல்லுவதை ஆங்கிலக்காரர் ஒரே அசையாகச் சொல்லுவார், நம் நாக்கை வைத்து எண்ணினால் கணக்கு அங்கேயே பிழைத்துவிடும். எண்ணிக்கைக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக 'எ', 'த' இரண்டையும் உருவி எடுத்துவிடுவதும் நம்மிடம் அதிகம். தமிழில் அவை இல்லாததால் அந்த இடைவெளி நம் காதில் விழுவதில்லை, ஆங்கிலக் காதுக்குத் தந்தி வாசிப்பதுபோல இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: "இந்தச் சொல் வேண்டாம்" என்று சொல்ல அந்த வழியில் ஆள் இருக்கிறதா? மேலே பார்த்த 'ஒன்' போன்றவற்றை எழுதியவரின் கண் பிடிக்காது. ஹைக்கூவில் எழுதுகிற நேரத்தைவிட எடுக்கிற நேரம்தான் அதிகம், அந்தப் பழக்கம் இன்னொருவரின் கண் வழியாகத்தான் முதலில் வருகிறது.

அடுத்தது, நம் ஊர் கவிதைக்குள் நிற்குமா? ஹைக்கூவுக்குப் பருவம் வேண்டும். ஜப்பானில் பருவச் சொற்களைத் தொகுத்துப் புத்தகமாகவே வைத்திருக்கிறார்கள். செரிப்பூவும் முதல் பனியும் அவர்களுடைய பருவம், திருமலைக்கு வேறு பருவம்.

மூன்றாவது, காசும் டேட்டாவும் நேரமும். நான்காவது, வாசிக்க வைக்கிறதா என்பது, எழுதுவதைவிடப் பத்து மடங்கு வாசிக்காமல் இந்த வடிவம் பிடிபடாது. தொடங்க எவ்வளவு ஆங்கிலம் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 1: தனியாக வாசித்துப் பழகுவது

இதற்குச் செலவு டேட்டா மட்டும்தான். அமெரிக்க ஹைக்கூ சங்கம் 1968-இல் தொடங்கியது, அதன் இதழான 'ஃப்ரொக்பொண்ட்' 1978-இலிருந்து வருகிறது, பழைய இதழ்கள் பலவற்றை இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். 1999-இல் தொடங்கிய 'த ஹெரன்ஸ் நெஸ்ட்' இதழின் பழைய பக்கங்களும் அப்படியே திறந்து கிடக்கின்றன. ஹைக்கூ ஃபவுண்டேஷன் இணைய நூலகத்தில் முழுப் புத்தகங்களே இருக்கின்றன. கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல், ஒரு பட்டறைக்காக இரவு ரயில் ஏறுவதைவிட இது எவ்வளவோ வசதி.

வாசிக்கும் விதம் முக்கியம். சும்மா உருட்டிக்கொண்டு போனால் அரை மணி நேரத்தில் நூறு கவிதை முடியும், ஒன்றும் ஒட்டாது. ஒரு நாளைக்கு ஐந்து போதும். கையால் கொப்பியில் எழுதுங்கள், வெட்டு எங்கே விழுகிறது என்று ஒரு கோடு போடுங்கள், பருவத்தைச் சொல்லும் சொல்லைச் சுற்றி வட்டம் போடுங்கள், ஒரு சொல்லை எடுத்தால் கவிதை நிற்குமா என்று பாருங்கள்.

மறைந்திருக்கிற செலவு இரண்டு. ஒன்று, யாரும் திருத்த மாட்டார்கள். இதழுக்கு அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைப்பீர்கள், ஆனால் நிராகரிப்பு பெரும்பாலும் ஒரு வரிதான், அதுவும் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு. என்ன பிழை என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. மற்றது, வாசிப்பது எல்லாம் அடுத்தவர் பருவம் என்பதால் நம்மையறியாமல் மேப்பிள் இலையும் பனிக்காலத்துக் காகமும் கவிதைக்குள் வந்துவிடும். உப்புவெளிக் கடற்கரையில் இருந்துகொண்டு இலையுதிர்கால நிலவைப் பற்றி எழுதிய கவிதைகளை நான் பார்த்திருக்கிறேன், எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள், வாசிப்பு அவர்களை இழுத்துப் போய்விட்டது.

இந்த வழியில் போகிறவர்கள் இப்போது போனில் இருக்கிற செயற்கை அறிவுச் செயலியிடம் திருத்தச் சொல்லிக் கேட்கிறார்கள். இலக்கணம் பார்க்கக் கேளுங்கள், பரவாயில்லை. கவிதையைத் திருத்தித் தரக் கேட்டால் மெல்லிய, அழகான, யாருடையதும் இல்லாத மூன்று வரி வரும், கச்சானும் பீரங்கியும் காணாமல் போயிருக்கும். தவிர அப்படி எழுதியதைப் பல இதழ்கள் ஏற்பதும் இல்லை.

யாருக்கு நல்லது: ஏற்கெனவே ஆங்கிலத்தில் நிறைய வாசிக்கிறவர்களுக்கு, ஷிப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு, பக்கத்தில் எழுதுகிறவர்கள் யாரும் இல்லாத சம்பூர், குச்சவெளி போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு.

## வழி 2: காசு கட்டி ஒன்லைன் வகுப்பு

நல்ல ஆசிரியர் கிடைத்தால் இதைப்போல வேகமான வழி இல்லை. ஒவ்வொரு கவிதைக்கும் பதில் வரும், 'த' எங்கே வேண்டும் எங்கே வேண்டாம் என்று ஆங்கிலக் காதோடு சொல்லுவார்கள், எந்த இதழுக்கு எது பொருந்தும் என்றும் சொல்லுவார்கள்.

ஆனால் கட்டணம் பெரும்பாலும் டொலரில் அல்லது பவுணில். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு உங்கள் காட் வேலை செய்யுமா, வங்கி என்ன விகிதத்தில் மாற்றும், அதற்கு மேல் என்ன வெட்டும் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள், விளம்பரத்தில் இருக்கிற தொகை உங்கள் கணக்கிலிருந்து போகிற தொகையாக இருக்காது. பிறகு நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணி வகுப்பு என்றால் அவர்களுடைய கோடை காலத்தில் நமக்கு விடிய 4.30. இங்கிலாந்தில் இரவு 7 என்றால் நமக்கு நள்ளிரவை ஒட்டி வரும். ஒரு நாள் எழும்பலாம், ஆறு வாரம் எழும்பிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் போவது வேறு கதை. இந்தியாவிலிருந்து நடக்கிற ஆங்கில ஹைக்கூ வகுப்புகளும் குழுக்களும் உண்டு, கடிகாரம் ஒன்றேதான், பருவமழையும் கிட்டத்தட்டத் தெரிந்தவர்கள். காசு கட்டுவதென்றால் முதலில் அந்தப் பக்கம் தேடுங்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கச்சான் என்றால் என்னவென்று வெளிநாட்டு ஆசிரியருக்குத் தெரியாது, 'வறண்ட காற்று' என்று மாற்றச் சொல்லலாம். அவர் சொல்வதில் நியாயம் உண்டு, ஊருக்கு வெளியே வாசிக்கிறவருக்கும் கவிதை திறக்க வேண்டும். மேலே நான் தூக்கி எறிந்த 'ஹொட்' அந்த வாசகருக்குத் தேவையாக இருக்கலாம். ஆனால் எதை விளக்குவது, எதை அப்படியே விடுவது என்று தீர்மானிக்கிற திடம் உங்களிடம் வந்த பிறகு அந்த ஆசிரியரிடம் போனால் கேட்டு வாதாடலாம். முதல் நாளே போனால் அவர் சொன்னதுதான் சட்டம்.

யாருக்கு நல்லது: கையில் ஏற்கெனவே ஒரு கட்டுக் கவிதை வைத்திருப்பவர்களுக்கு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆங்கில ஆசிரியர்களுக்கு. தொடங்குகிறவர்களுக்கு இது அவசரப்பட்ட செலவு.

## வழி 3: தமிழில் எழுதி ஆங்கிலத்துக்கு மாற்றுவது

இதை லேசாக விட மனமில்லை. பாரதியார் 1916-இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியிருக்கிறார். தமிழில் ஹைக்கூ இன்று பெரிய மரபு, நம் பிள்ளைகளுக்குக் கண் தமிழில்தான் திறந்திருக்கிறது. அதை மூடிவிட்டு ஆங்கிலத்தில் தொடங்கு என்று சொல்வது சரியில்லை.

சிக்கல் எங்கே என்றால், தமிழ் ஹைக்கூ நிறைய இடத்தில் கடைசி வரியில்தான் முடிச்சை அவிழ்க்கிறது. நானே எழுதிக் காட்டுகிறேன்:

மழை விட்ட பிறகும்
தூறிக்கொண்டே இருக்கிறது
வேப்பமரம்

எச்சமும் வினையும் முதலில் வந்து, யார் என்பது கடைசியில் விழ, தமிழ் வாக்கியம் இடம் கொடுக்கிறது. இதைச் சாதாரண ஆங்கில வாக்கியமாக்கினால் வேப்பமரம் முதல் சொல்லாகவே வந்து நின்றுவிடும், முடிச்சு போய்விடும். வரிகளைத் திருகி மரத்தைக் கடைசியில் வைத்தாலும் ஆங்கில ஹைக்கூ ஆசிரியர்களுக்கு அது விடுகதையும் விடையுமாகத்தான் படும். அங்கே உவமை, உருவகம், மரத்தை மனிதராக்குவது எல்லாவற்றையும் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். இரண்டு காட்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் அவர்கள் எதிர்பார்ப்பது.

அப்படியானால் என்ன செய்வது? வரிகளை விட்டுவிட்டு, எந்தக் காட்சியிலிருந்து வந்ததோ அந்தக் காட்சிக்கே திரும்பிப் போக வேண்டும். மழை விட்டிருக்கிறது, மரத்தடியில் என்ன நடக்கிறது?

ரெயின் ஓவர்
அண்டர் த நீம்
ஷீ ஓபன்ஸ் ஹெர் அம்ப்ரெல்லா

மழை விட்டாயிற்று, வேம்பின் கீழ் அவள் குடையை விரிக்கிறாள். மரம் இன்னும் சொட்டுகிறது என்று எங்குமே சொல்லவில்லை, ஆனால் வாசகர் தலையில் சொட்டுகிறது. தமிழ்க் கவிதை பிழை, ஆங்கிலக் கவிதை சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரே காட்சியிலிருந்து இரண்டு மொழிக்கு இரண்டு கவிதை எழுத வேண்டியிருக்கிறது, உழைப்பும் இரண்டு மடங்கு. இந்த வழியின் மறைந்த செலவு இதுதான். அதைக் கொடுக்கத் தயாரில்லாமல் வரிக்கு வரி மாற்றினால் இரண்டு மொழியிலும் ஒட்டாத ஒன்று கையில் இருக்கும்.

யாருக்கு நல்லது: தமிழில் எழுதி அனுபவமுள்ளவர்களுக்கு, இரு மொழியிலும் பக்கத்தில் பக்கம் வெளியிட விரும்புகிறவர்களுக்கு. ஊர் கவிதைக்குள் நிற்பதில் இதை மிஞ்சிய வழி இல்லை. ஆனால் இதிலும் திருத்த ஆள் வேண்டும், தனியாகச் செய்தால் வழி 1-இன் குறை அப்படியே இருக்கும்.

## வழி 4: ஊரிலேயே ஒரு சிறு குழு

ஜப்பானியர்கள் இதைத்தான் காலங்காலமாகச் செய்கிறார்கள், குகாய் என்று பெயர். எல்லாரும் பெயர் போடாமல் கவிதை கொடுப்பார்கள், ஒன்றாகக் கலந்து, ஒவ்வொருவரும் பிடித்ததைத் தெரிந்தெடுத்து, ஏன் பிடித்தது என்று பேசி முடிந்த பிறகுதான் எழுதியவர் யார் என்று தெரியவரும்.

அந்தப் பெயர் போடாத ஏற்பாடு நமக்கு இரட்டிப்புத் தேவை. நம் பழக்கத்தில் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டோம், அதிலும் படிப்பித்த சேரின் கவிதை என்றால் "நல்லா இருக்கு சேர்" என்பதோடு எல்லாம் முடிந்துவிடும். பெயர் இல்லாவிட்டால் ஏ.எல் பிள்ளை ஒன்று, சேர் எழுதியது என்று தெரியாமலே, "இரண்டாவது வரி தேவையில்லை" என்று தெளிவாகச் சொல்லும். சேருக்கும் அது நல்லது.

செய்வது சுலபம். ஐந்து பேர் போதும், எட்டுக்கு மேல் வேண்டாம். கவிதைகளை ஒருவருக்குத் தனியாக வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அவர் பெயரை எடுத்துவிட்டு இலக்கம் போட்டுக் குழுவில் போடுவார். ஒவ்வொருவரும் இரண்டைத் தெரிந்தெடுத்துக் காரணம் சொல்ல வேண்டும், தெரிந்தெடுக்காத ஒன்றிலிருந்து ஒரு சொல்லையாவது எடுக்கச் சொல்ல வேண்டும். மாதம் ஒரு தடவை நேரில் சந்தியுங்கள். நடந்துகொண்டே ஹைக்கூ எழுதுகிற வழக்கமும் ஜப்பானில் உண்டு, அதற்குத் திருமலையைப்போல ஊர் வேண்டுமே. கோட்டை வாசலிலிருந்து மான்களைத் தாண்டிக் கோணேசர் கோயில் வரைக்கும் பேசாமல் ஏறுங்கள், மேலே நின்றால் கடல் எவ்வளவோ கீழே, பூசை நேரமென்றால் சங்கு கேட்கும். இல்லாவிட்டால் பின்னேரம் டச்சுக்குடாப் பக்கம் உட்காருங்கள்.

இங்கே ஆங்கிலத்துக்கு இன்னொரு பலம் உண்டு. நம் ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிறோம், கவிதைக்கென்று ஒரே மேசையில் உட்காருவது அரிது. ஆங்கில ஹைக்கூ மூன்று வரிதான், யாருக்கும் முழுச் சொந்தமில்லாத மொழி, அதனால் எல்லாருக்கும் ஒரே அளவு தயக்கம். கிண்ணியாவிலிருந்து ஒருவர், கந்தளாயிலிருந்து ஒருவர் சேர்ந்தால் குழுவின் கண் அகலமாகும்.

அந்தக் குழு செய்யக்கூடிய பெரிய வேலை ஒன்று இருக்கிறது: நமக்கென்று ஒரு பருவச் சொல் பட்டியல். கச்சான், வாடை, ஐப்பசி தொடங்கித் தை வரை போகிற மழை, கடல் அடங்கும் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி போடுகிற மீனவர்கள், பனம்பழம் விழுகிற சத்தம், மார்கழி விடியலில் திருவெம்பாவை, மே மாதம் வெசாக் கூடு. நோன்புக் கஞ்சியைச் சேர்க்கும்போது கவனம், பிறைக் கணக்கில் அது ஒவ்வொரு வருசமும் 11 நாளளவு முன்னால் நகரும், அதனால் அது மழைக்கும் வரும் வெயிலுக்கும் வரும். பட்டியலில் தனியிடம் கொடுத்தால் சரி.

இதிலும் செலவு உண்டு, காசாக இல்லாவிட்டாலும். ஆங்கிலம் திடமாகத் தெரிந்த ஒருவராவது இல்லாவிட்டால் பிழை ஆளுக்கு ஆள் தொற்றும். வாசிப்பு இல்லாவிட்டால் குழு தன் ருசிக்குள்ளேயே சுற்றும், அதனால் ஒவ்வொரு சந்திப்பிலும் பழைய இதழ் ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிப்பதைக் கட்டாயமாக்குங்கள். பரீட்சைக் காலத்தில் குழு படுத்துவிடும், அதற்குக் கவலைப்படாமல் முடிந்த பிறகு திரும்பத் தொடங்குங்கள். கவிதைகளை வாங்கி இலக்கம் போடுகிறவர் ஒருவரே எல்லாம் செய்யும்படி விடாமல் மாதம் மாதம் ஆளை மாற்றுங்கள்.

யாருக்கு நல்லது: தொடங்குகிற கிட்டத்தட்ட எல்லாருக்கும். கூச்சத்தால் பேசவே முடியாதவர்களுக்கு மட்டும் முதல் சில மாதம் வழி 1 சுகமாக இருக்கும்.

| | திருத்த ஆள் | ஊர் நிற்குமா | செலவு | தேவையான ஆங்கிலம் |
|---|---|---|---|---|
| தனியாக வாசிப்பு | இல்லை | நழுவும் | டேட்டா | நன்றாக வேண்டும் |
| ஒன்லைன் வகுப்பு | உண்டு, தேர்ந்தவர் | ஆசிரியரைப் பொறுத்தது | டொலர், தூக்கம் | பேசி வாதாடும் அளவு |
| தமிழிலிருந்து | இல்லை | உறுதியாக நிற்கும் | இரட்டை உழைப்பு | நடுத்தரம் |
| ஊர்க் குழு | உண்டு, பல பேர் | நிற்கும் | நேரம், பொறுமை | ஒருவருக்காவது திடமாக |

## இதழுக்கு அனுப்புவதற்கு முன்

எந்த வழியில் போனாலும் ஒரு கட்டத்தில் அனுப்பிப் பார்க்கத் தோன்றும், தோன்ற வேண்டும். மேலே சொன்ன இரண்டு இதழ்களும் கவிதை அனுப்பக் கட்டணம் கேட்பதில்லை. முன்பு வெளிவராத கவிதைதான் வேண்டும் என்று பெரும்பாலான இதழ்கள் கேட்கும், பேஸ்புக்கில் போட்டதையும் வெளிவந்ததாகவே எடுத்துக்கொள்ளும் இதழ்கள் உண்டு. ஆகவே நல்லது என்று குழு சொன்ன கவிதையைப் போட்டோவோடு உடனே பேஸ்புக்கில் ஏற்றிவிடாதீர்கள், அனுப்பிவிட்டுப் பதில் வரும் வரை வைத்திருங்கள். ஒரே கவிதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்புவதைப் பலரும் ஏற்பதில்லை, எதை எங்கே எப்போது அனுப்பினீர்கள் என்று கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிவையுங்கள். தலைப்பு வேண்டாம், ஒவ்வொரு வரியும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டாம். கச்சான் போன்ற சொல் இருந்தால் கவிதைக்குக் கீழே ஒரு வரியில் அது ஆண்டின் நடுப்பகுதியில் நம் கரைக்கு வரும் வறண்ட காற்று என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள்.